மன்றம் மறுத்தது, மக்கள் அளித்தனர்

கப்பலேறிப் போனவர்களின் நாடு அயர்லாந்து. 1845ஆம் ஆண்டு தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தனர். அதன் பின்னரும் தலைமுறை தலைமுறையாக அந்நாட்டுத் துறைமுகங்கள் கண்ட காட்சி ஒன்றே: வழியனுப்ப வந்த தாயின் கண்ணீர், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போகும் மகனின் முகம்.

அந்தத் துறைமுகங்கள் 2015ஆம் ஆண்டு மே திங்களில் வேறொரு காட்சியைக் கண்டன. போனவர்கள் திரும்பி வந்தார்கள்! இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தார்கள். கடல்கள் பல கடந்து விமானத்தில் வந்தார்கள். திருவிழாக் காண அல்ல, சொத்துப் பிரிக்க அல்ல, வாக்களிக்க வந்தார்கள். வெளிநாடு சென்று வாழ்வோர்க்கு அஞ்சல் வழி வாக்களிக்க அந்நாட்டுச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே, ஒரே ஒரு வாக்கைப் பெட்டியில் இடுவதற்காக, கூலியை இழந்து, விடுப்பைச் செலவிட்டு, இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அப்படி அவர்களை இழுத்து வந்த கேள்விதான் என்ன? ஆண், பெண் என்ற பால் வேறுபாடு பாராமல் இருவர் சட்டப்படி மணம் செய்துகொள்ளலாம் என்னும் வாசகத்தை நாட்டின் அரசியல் சட்டத்தில் சேர்க்கலாமா, கூடாதா என்பதே அக்கேள்வி. ஒருபால் திருமணத்தை முதன்முதல் சட்டமாக்கிய நாடு நெதர்லாந்து. அது நடைமுறைக்கு வந்த நாள் 2001 ஏப்ரல் 1. பின்னர்ப் பல நாடுகள் அவ்வழியே சென்றன. அங்கெல்லாம் சட்டமன்றம் அளித்தது, அல்லது நீதிமன்றம் அளித்தது. நாடு முழுவதும் மக்களிடம் கேட்டு, மக்களின் வாக்கால் அந்த உரிமையை நிலைநாட்டிய முதல் நாடு அயர்லாந்து.

எந்த அயர்லாந்து? கருத்தடைச் சாதனங்களை விற்பதும் தருவிப்பதும் குற்றம் என்று 1935இல் சட்டம் செய்த அயர்லாந்து! மணமுறிவுக்கு இடமே இல்லை என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்த அயர்லாந்து! ஆணும் ஆணும் கொள்ளும் காதல் உறவை 1993 வரை குற்றப் பட்டியலில் வைத்திருந்த அயர்லாந்து! அந்த நாடு, குற்றம் என்ற சொல்லை அழித்த இருபத்திரண்டே ஆண்டுகளில், திருமணம் என்ற சொல்லை எழுதிற்று. இஃது எப்படி நடந்தது? அற்புதம் என்பார்கள் சிலர். அற்புதங்களில் நமக்கு நம்பிக்கை இல்லை. காரணமின்றிக் காரியமில்லை. அந்தக் காரணங்களைத் தேடிப் பார்ப்பதே நமது நோக்கம்.

குற்றம் என்று முதலில் எழுதியவர் யார்? அயர்லாந்து மக்களா? இல்லை. அவர்களை ஆண்ட பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம். 1860இல் இந்தியாவுக்குத் தண்டனைச் சட்டம் இயற்றி, அதில் 377ஆவது பிரிவை வைத்த அதே ஏகாதிபத்தியம், மறு ஆண்டே, 1861இல், இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் ஒரு சட்டம் செய்து, இத்தகைய உறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதித்தது. 1885இல் மேலும் ஒரு சட்டம் செய்து வலையை இன்னும் அகலமாக வீசியது. அந்த வலையில்தான், டப்ளினில் பிறந்து இலண்டனைத் தன் நாடகங்களால் கவர்ந்த ஆஸ்கர் ஒயில்டு சிக்கினார். 1895இல் அவருக்குக் கிடைத்தது ஈராண்டுக் கடுங்காவல். சிறையிலிருந்து மீண்டவர் ஊர் திரும்பவில்லை. அயல்நாட்டில், வறுமையில், 1900இல் மறைந்தார்.

1922இல் அயர்லாந்தின் பெரும்பகுதி விடுதலை பெற்றது. கொடி மாறிற்று, கோட்டையின் காவலர் மாறினர். ஆனால், ஆண்டவர்கள் விட்டுச் சென்ற இந்தச் சட்டம் மட்டும் மாறவில்லை! அந்நியன் தந்த அஞ்சல் பெட்டிக்குப் பச்சை வண்ணம் பூசியவர்கள், அந்நியன் தந்த தண்டனைப் பிரிவுக்குச் சமய வண்ணம் பூசிக் காத்தனர். 1937இல் டி வேலரா காலத்தில் வந்த அரசியல் சட்டம், கத்தோலிக்க மதபீடத்துக்குத் தனிச் சிறப்பிடம் தந்தது. குடும்பம் என்பது திருமணத்தின் மீது எழுவது என்றது. பெண்ணின் இடம் இல்லம் என்ற பொருள்பட எழுதிற்று. மணமுறிவைத் தடை செய்தது. பள்ளி மதபீடத்தின் கையில். மருத்துவமனை மதபீடத்தின் கையில். தவறிழைத்தவள் என்று தள்ளப்பட்ட பெண்கள் ஊதியமின்றி உழைத்த சலவைக் கூடங்களும் கன்னியர் மடங்களின் கையில். அந்தக் கூடங்களில் கடைசியானது மூடப்பட்டது எப்போது தெரியுமா? 1996இல்!

1982 செப்டம்பரில், டப்ளினின் பேர்வியூ பூங்காவில், முப்பத்தொரு வயதுடைய ஒருவர், தன்பாலீர்ப்பினர் என்று கருதப்பட்டு, இளைஞர் கும்பல் ஒன்றால் அடித்துக் கொல்லப்பட்டார். 1983 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. உயிர் பறித்த ஐவர்க்கும் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. ஐவரும் வீடு திரும்பினர். அன்புகொள்வது குற்றம், அன்புகொண்டவனை அடித்துக் கொன்றால் வீட்டுக்குப் போகலாம்! இந்த நீதியைக் கண்டு நெஞ்சு கொதித்தவர்கள் பலநூறு பேர் திரண்டு, அந்தப் பூங்கா நோக்கி ஊர்வலம் சென்றனர். அதுவரை முகம் மறைத்து வாழ்ந்தவர்கள், பட்டப்பகலில், பழகிய தெருக்களில், முகங்காட்டி நடந்தனர். அயர்லாந்தில் அச்சம் முதன்முதல் அடிபட்ட நாள் அது.

அடுத்த மாதமே, 1983 ஏப்ரலில், உச்சநீதிமன்றத்தில் மற்றொரு தீர்ப்பு. டிரினிட்டி கல்லூரியில் இலக்கியம் கற்பித்த டேவிட் நாரிஸ் என்பவர், பழைய ஏகாதிபத்தியச் சட்டம் செல்லாது என்று வழக்கிட்டிருந்தார். ஐந்து நீதிபதிகளில் மூவர் மறுத்தனர். நாட்டின் கிறித்தவப் பண்பை அவர்கள் சுட்டினர். அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்றை இளைஞர்கள் கருத்திற்கொள்ள வேண்டும்: இத்தகைய உறவு, திருமணம் என்ற அமைப்புக்கே ஊறு விளைவிக்கக்கூடும் என்பது அது. பின்னாளில் இதே மக்கள், "எங்களுக்கும் திருமணம் வேண்டும்" என்று கேட்டபோது, எதிர்ப்பாளர் கூறியது என்ன? அதனாலும் திருமண அமைப்பு கெடும் என்பதுதான்! விலகி நின்றால் திருமணத்துக்குக் கேடு. விரும்பி வந்தாலும் திருமணத்துக்குக் கேடு. காரணம் தேடி முடிவுக்கு வருவது அறிவு. முடிவை வைத்துக்கொண்டு காரணம் தேடுவது வைதிகம்.

நாரிஸ் ஓயவில்லை. ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சென்றார். 1988 அக்டோபர் 26இல், எட்டு நீதிபதிகள் ஆதரவாகவும் ஆறு பேர் எதிராகவும் நிற்க, அவர் வென்றார். ஆயினும் அரசு சட்டத்தை மாற்றுவதற்கு மேலும் ஐந்து ஆண்டுகள் பிடித்தன. 1993இல் மசோதா நிறைவேறியது. அதில் கையொப்பமிட்ட குடியரசுத் தலைவர் மேரி ராபின்சன். யார் இவர்? நாரிசுக்காக நீதிமன்றங்களில் வாதாடிய வழக்கறிஞர்! வாதம் கேட்க மறுத்த நாடு, வாதிட்டவரையே தலைமைப் பீடத்தில் அமர்த்தி, அவர் கையாலேயே பழைய சட்டத்தை நீக்கியது.

குற்றம் நீங்கியது, குறை நீங்கவில்லை. சேர்ந்து வாழலாம்; ஆனால் அந்த வாழ்வுக்குப் பெயரில்லை. காத்தரின் சப்போன், ஆன் லூயிஸ் கில்லிகன் என்ற இரு பெண்கள், கல்வியாளர்கள். டப்ளினை அடுத்த தால்லா பகுதியின் ஏழைப் பெண்களுக்காகக் கல்வி நிலையம் கண்டவர்கள். பல்லாண்டு ஒன்றாய் வாழ்ந்த அவர்கள், கனடா நாட்டில் 2003இல் மணம் புரிந்தனர். ஊர் திரும்பி, "எங்களையும் மணமானவர்களாகக் கணக்கில் கொண்டு வரி விதியுங்கள்" என்று வரித்துறையிடம் கேட்டனர். துறை மறுத்தது. வழக்குத் தொடுத்தனர். வழக்கு எழுந்த அதே 2004இல் சட்டமன்றம் இயற்றிய பதிவுச் சட்டம், இருவரும் ஒரே பாலினராயிருப்பது திருமணத்துக்குத் தடை என்று வெளிப்படையாகவே எழுதிற்று. 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம், அரசியல் சட்டம் கருதும் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியதே என்று கூறி வழக்கைத் தள்ளியது.

2010இல் ஒரு சமரசம் வந்தது. 'குடிமை இணைவு' என்ற பெயரில் ஒரு பதிவு. 2011 முதல் நடைமுறை. வரி, வாரிசுரிமை, ஓய்வூதியம் ஆகியவற்றில் பல உரிமைகள் கிடைத்தன. நன்மைதான்; மறுக்கவில்லை. ஆனால் அதே சட்டத்தின் சொற்களைப் பாருங்கள். மணமான தம்பதியர் வாழும் வீடு, சட்டத்தின் கண்ணில் 'குடும்ப இல்லம்'. இணைவுற்றோர் வாழும் வீடு, 'பகிர்ந்துகொண்ட இல்லம்'! செங்கல் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, அடுப்பில் எரியும் தீ ஒன்று; பெயர் மட்டும் இரண்டு. அந்த வீட்டில் வளரும் குழந்தைக்கு இருவரும் பெற்றோர் என்ற உறுதியையும் அச்சட்டம் தரவில்லை. ஒருவர் மறைந்தால், வளர்த்த மற்றவர் அக்குழந்தைக்குச் சட்டப்படி யார்? விடையில்லை. முன் வாசல் இவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. பக்கவாட்டில் ஒரு கதவு திறந்துவிடப்பட்டது. இவர்கள் கேட்டது முன் வாசலை.

"திருமணம் தொன்மையானது; அதில் கை வைக்காதீர்" என்றனர் மறுப்போர். எந்தத் திருமணம்? மனைவிக்கு ஒரு காசும் வைக்காமல் கணவன் தன் சொத்து முழுவதையும் பிறர்க்கு எழுதி வைக்க இடந்தந்த திருமணமா? அஃது 1965இல் மாறியது. மணமான பெண் அரசுப் பணியில் நீடிக்கக் கூடாது என்ற திருமணமா? அஃது 1973இல் மாறியது. மனைவியைக் கேளாமலே அவள் குடியிருக்கும் வீட்டைக் கணவன் விற்கலாம் என்ற திருமணமா? 1976இல் மாறியது. மனைவியைக் கணவன் வன்புணர்ந்தால் குற்றமில்லை என்ற திருமணமா? 1990இல் மாறியது. முறிக்கவே முடியாத திருமணமா? அதை மாற்ற 1986இல் முயன்று மக்கள் மறுத்தனர். 1995இல் மீண்டும் கேட்டபோது, 16 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் 9,114 வாக்கு மிகுதியால் ஒப்பினர். ஒவ்வொரு முறையும் 'குடும்பம் குலையும்' என்ற கூக்குரல் எழுந்தது. ஒவ்வொரு முறையும் குடும்பம் நிலைத்தது. சிதைந்தது குடும்பத்தினுள் இருந்த கொடுமைதான்.

இதற்கிடையில் மதபீடத்தின் மீதிருந்த மதிப்பும் சரிந்தது. 2005இலும் 2009இலும் வெளியான விசாரணை அறிக்கைகள், சமய நிலையங்களில் குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளையும், அவற்றை மறைத்த மேலோரின் செயலையும் பக்கம் பக்கமாக எடுத்துரைத்தன. சலவைக் கூடப் பெண்களிடம் 2013 பிப்ரவரியில் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார் பிரதமர் எண்டா கென்னி. ஒழுக்கத்தின் காவலர் என்று தம்மை அழைத்துக் கொண்டோரின் கணக்கேட்டை மக்கள் புரட்டிப் பார்த்துவிட்டனர். ஆயினும், மதபீடம் வீழ்ந்ததால் மட்டும் உரிமை வந்துவிட்டது என்று எண்ணுவது பிழை. பழைய மரியாதை போனால் அந்த இடத்தில் அறிவும் அமரலாம், அலட்சியமும் அமரலாம். அறிவு அமர்ந்தமைக்கு உழைப்பு வேண்டியிருந்தது.

அந்த உழைப்பின் முதற்கட்டம் ஒரு மாநாடு. அரசியல் சட்டத் திருத்தங்களை ஆராய நூறு பேர் கொண்ட மன்றம் கூட்டப்பட்டது. ஒருவர் தலைவர், 33 பேர் அரசியல்வாதிகள், 66 பேர், குலுக்கலில் தெரிவதுபோல் நாடெங்குமிருந்து பொறுக்கியெடுக்கப்பட்ட சாதாரணக் குடிமக்கள். 2013 ஏப்ரலில் அவர்கள் இரு தரப்பையும் கேட்டனர், வல்லுநரைக் கேட்டனர், தன்பாலீர்ப்பினரின் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளையும் கேட்டனர். முடிவில் நூற்றுக்கு 79 பேர், திருமண உரிமை வேண்டும் என்றனர். பொதுமக்களுக்கு என்ன தெரியும் என்று ஏளனம் பேசுவோர்க்கு இது விடை. பொறுமையாக எடுத்துரைத்தால், பொதுமக்களுக்குப் புரியாத நீதி இல்லை.

அடுத்த கட்டம் வீதியில் நடந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், வாசற்படியில் நடந்தது. பெரிய கட்சிகள் அனைத்தும் ஆதரவு என்றன. ஆனால் வேலையைச் செய்தவர்கள், சட்டையில் சின்னம் அணிந்து வீடு வீடாகச் சென்ற தொண்டர்கள். அவர்கள் தத்துவ விளக்கம் தரவில்லை. தம் கதையைக் கூறினர். "நான் உங்கள் தெருவில் வளர்ந்தவன். உங்கள் மகனோடு பந்தாடியவன். எனக்கு மணம்புரிய உரிமை உண்டா, சொல்லுங்கள்" என்ற வகையில் கேட்டனர். முன்பின் அறியாதாரிடம், தம் வாழ்வின் மறைவான பகுதியைத் திறந்து காட்டி, கதவு முகத்தில் அறையப்பட்டாலும் அடுத்த வீட்டுக்கு நடப்பது எளிதா? எண்ணிப் பாருங்கள். தம் உரிமைக்காகத் தம் அயலாரிடமே வாக்குக் கேட்டு நிற்பது மானமுள்ளவர்க்கு எத்துணைக் கடினம்! அதையும் செய்தனர்.

அமைச்சர் லியோ வரத்கர், மும்பையிலிருந்து சென்ற மருத்துவரின் மகன், 2015 சனவரியில் வானொலியில் தாம் தன்பாலீர்ப்பினர் என்பதைக் கூறினார். வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, தொலைக்காட்சி அரசியல் செய்தியாளர் உர்சுலா ஹாலிகன், இளமை தொட்டு எவரிடமும் சொல்லாது மறைத்து வந்த தம் இயல்பை நாளேட்டில் எழுதினார். முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி மெக்கலீஸ், கத்தோலிக்க சமயப் பற்று உடையவர், தன்பாலீர்ப்புடைய பிள்ளைகளின் நலன் கருதி ஆதரியுங்கள் என்று பேசினார். ஒருபுறம் ஆயர்கள் ஊர்தோறும் கோவில்களில் எதிர்ப்பு மடல் வழங்க, மறுபுறம் பாதிரியார் சிலரும் கன்னியர் சிலரும் ஆதரவாக நின்றனர்.

எதிர்த்தவர்கள் ஒரு கேள்வியைச் சுவர்தோறும் எழுப்பினர்: குழந்தைக்குத் தாயும் தந்தையும் வேண்டாமா? கேட்பவர் உள்ளத்தைத் தொடும் கேள்வி. வெறுப்பால் கேட்டவர் உண்டு; உண்மையான கவலையால் கேட்டவரும் உண்டு. இரண்டாமவரை இகழ்ந்து ஒதுக்காமல், விடை கூறினர் தொண்டர்கள். குழந்தை வளர்ப்பு, தத்து ஆகியவை பற்றிச் சட்டமன்றம் வாக்கெடுப்புக்கு முன்பே தனிச் சட்டம் இயற்றிவிட்டது. திருமணக் கேள்வி தோற்றாலும் அக்குழந்தைகள் இருக்கத்தான் போகிறார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டுமா, வேண்டாமா என்பதே கேள்வி என்று விளக்கினர். எந்தச் சமயகுருவும் தம் கொள்கைக்கு மாறாக மணம் செய்துவைக்கக் கட்டாயம் இல்லை என்பதையும் எடுத்துக் காட்டினர். கோவிலின் கதவை உடைக்க வந்தவர்கள் அல்லர் அவர்கள். பதிவகத்தின் கதவைத் திறக்க வந்தவர்கள்.

1861இல் சட்டம் வந்த காலத்தில் ஏகாதிபத்திய ஆட்சியின் தலைமையிடமாக இருந்தது டப்ளின் கோட்டை. 2015 மே 23 அன்று அந்தக் கோட்டையின் முற்றத்தில் மக்கள் திரண்டு நின்றனர். முடிவு அறிவிக்கப்பட்டது. ஆதரவு 12,01,607, எதிர்ப்பு 7,34,300. நூற்றுக்கு அறுபத்திரண்டு! நாட்டின் 43 தொகுதிகளில் 42 தொகுதிகள் ஆம் என்றன. நகரம் மட்டுமன்று, சிற்றூரும் ஆம் என்றது. செல்வர் வாழும் பகுதி மட்டுமன்று, டப்ளினின் தொழிலாளர் வட்டாரங்களும் உரத்த குரலில் ஆம் என்றன. அதே நாளில், குடியரசுத் தலைவர் ஆவதற்கான வயதைக் குறைக்கலாமா என்ற மற்றொரு கேள்வியும் வைக்கப்பட்டிருந்தது. அதைப் பெருவாரியாக மறுத்தனர் அதே மக்கள். கண்ணை மூடிக்கொண்டு குத்திய முத்திரை அல்ல; எண்ணிப் பார்த்து அளித்த தீர்ப்பு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? 2006இல் நீதிமன்றத்தில் தோற்ற சப்போன், அந்த மகிழ்ச்சி நாளில், கில்லிகனிடம் மீண்டும் ஒருமுறை, இம்முறை தம் சொந்த மண்ணின் சட்டப்படி மணக்கச் சம்மதமா என்று நாடறியக் கேட்டார். அவ்வாண்டு நவம்பரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஈராண்டு கழித்து வரத்கர் அந்நாட்டின் பிரதமரானார்.

இனி, இந்த வெற்றியின் இன்னொரு பக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். சிறுபான்மையினரின் உரிமையைப் பெரும்பான்மையினரின் வாக்குக்கு விடுவது முறையா? முறையன்று என்பதே நம் கருத்து. குரோவேசியா நாட்டில் 2013 டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே என்று பெரும்பான்மை எழுதிவிட்டது. சுலோவேனியாவில், அயர்லாந்து வென்ற அதே 2015இன் டிசம்பரில், சட்டமன்றம் தந்த உரிமையை மக்கள் வாக்கு பறித்தது. பின்னர் 2022இல் அந்நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் தலையிட்டே அது கிடைத்தது. அயர்லாந்திலேயே, குடும்பம் என்பதன் இலக்கணத்தைத் திருமணத்துக்கு அப்பாலும் விரிக்க 2024 மார்ச்சில் வாக்குக் கேட்டபோது, மக்கள் பெருவாரியாக மறுத்தனர். ஆகவே, வாக்குப்பெட்டி நீதியின் பிறப்பிடமன்று. எண்ணிக்கை மிகுந்ததால் நீதி ஆகிவிடாது. எண்ணிக்கை குறைந்ததால் அநீதி ஆகிவிடாது. 1983இல் நாரிஸ் தோற்றபோதும் அவர் பக்கமே நீதி இருந்தது.

பின், அயர்லாந்து தரும் பாடம் என்ன? வாக்கெடுப்பு நடத்துக என்பதன்று. ஊர் ஊராகச் சென்று உள்ளங்களை வென்ற பின் வரும் சட்டத்துக்கு வேர் ஆழம் என்பது. கோட்டையிலிருந்து இறங்கிய சட்டத்தைக் குறை கூறலாம். தன் கையால் எழுதிய சட்டத்தைத் தாயும் தந்தையும் தம்முடையது என்று காப்பர்.

இந்தப் பாடம் நமக்கும் தேவைப்படுகிறது. 1860இல் இங்கு வந்த 377ஆவது பிரிவின் பிடியிலிருந்து, வயது வந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவை உச்சநீதிமன்றம் விடுவித்த நாள் 2018 செப்டம்பர் 6. அயர்லாந்து அந்தப் படியை 1993இல் ஏறியது. திருமணம் கேட்டு வந்த வழக்கில், 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகளும், திருமணம் புரிவது அடிப்படை உரிமையாகாது, அது சட்டமியற்றுவோரின் பொறுப்பு என்று கூறிவிட்டனர். மறு ஆய்வு மனுக்களும் 2025 சனவரியில் தள்ளப்பட்டன. சப்போனுக்கும் கில்லிகனுக்கும் 2006இல் கிடைத்த அதே விடை! அவர்கள் அந்த விடையைக் கேட்டு வீட்டுக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டிருந்தால், 2015 வந்திராது.

நீதிமன்றம் மறுத்த பின் சட்டமன்றம். சட்டமன்றம் தயங்கினால் மக்கள் மன்றம். அந்த மன்றத்துக்குக் கட்டடமில்லை, காவலரில்லை. நம் தெருவின் திண்ணைதான் அது. நம் வீட்டின் சாப்பாட்டுக் கூடந்தான் அது. தம் மகளின் இயல்பறிந்து வாய்மூடிக் கலங்கும் தாய்க்கு ஆறுதல் கூறுவது, கேலி பேசும் தோழனைத் தடுத்து நிறுத்துவது, "இதனால் உனக்கு வந்த நட்டம் என்ன?" என்று அமைதியாகக் கேட்பது: இவை அந்த மன்றத்தில் எடுத்துரைக்கும் வாதங்கள்.

பேர்வியூ பூங்காவை நோக்கி 1983இல் நடந்த அந்தப் பலநூறு பேரில் எவரும், இன்னும் 32 ஆண்டுகளில் நாடே தம் பக்கம் நிற்கும் என்று கணக்கிட்டு நடக்கவில்லை. நடக்க வேண்டியிருந்தது, நடந்தார்கள். நாமும் நடப்போம்.